பேக்கப் ‘ஃபோல்டர் காணவில்லை’ என்கிறதா? டிக்கை எடுக்கும் முன் ஃபோல்டரைத் தேடுங்கள்

வாப்பாவின் பாஸ்போர்ட் நகல், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், நிகாஹ் புகைப்படங்கள், மௌத்தான பெரியவர்களின் குரல் பதிவுகள் என்று நம் குடும்பங்களின் பாதி வாழ்க்கை இன்று கணினிக்குள்தான் இருக்கிறது. விவரம் தெரிந்த யாராவது ஒருவர் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, விண்டோஸில் உள்ள பேக்கப் வசதியை ஒருமுறை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அது பல மாதங்கள் சத்தமில்லாமல் ஓடும். பிறகு ஒருநாள், பேக்கப் முடிந்தது ஆனால் சில ஃபைல்கள் விடுபட்டன என்றோ, குறிப்பிட்ட ஃபைலைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றோ ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கிடைக்கும் பதில், மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுவதுதான்.

நாம் பணியாற்றும் மதரஸாவின் அலுவலகத்திலும் அதுதான் நடந்தது. கணினி மெதுவாக ஓடுகிறது என்று பழுது பார்க்க வந்தவர், சி டிரைவில் இடம் உண்டாக்குவதற்காக மாணவர் ஆவணங்கள் இருந்த ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து பேக்கப் பிழை காட்டத் தொடங்கியது. தொலைபேசியில் அவரிடமே கேட்டோம். “அந்த ஃபோல்டர் இப்போது அங்கே இல்லை, அதனால்தான் ஹஜ்ரத். பட்டியலில் அதற்கு நேராக உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்” என்றார். எடுத்தோம். பிழை நின்றது. அதற்குப் பிறகு ஏழு மாதங்கள், ஒவ்வொரு வாரமும், பேக்கப் வெற்றி என்றே திரை சொன்னது. எட்டாம் மாதம் டி டிரைவ் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது.

சான்றிதழ் நகல்களை வீடு வீடாகக் கேட்டுத் திரும்பச் சேர்த்துவிட்டோம். ஆனால் அதே ஃபோல்டரில், எங்கள் மூத்த உஸ்தாத் ஒருவர் மௌத்தாவதற்கு முந்தைய மாதங்களில் நடத்திய பாடங்களின் ஒலிப்பதிவும் இருந்தது. அதில் இரண்டு பாடங்கள் மட்டும் ஒரு மாணவரின் கைப்பேசியில் கிடைத்தன.

பழுது பார்த்தவர் சொன்ன காரணம் சரிதான். சொன்ன வைத்தியம்தான் தவறு. ஃபோல்டர் எங்கே போனது என்று பார்க்காமல் பட்டியலிலிருந்து அதை நீக்கினால், உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த பிழைச் செய்தி பொய்யான வெற்றிச் செய்தியாக மாறிவிடுகிறது. இணையத்தில் இந்தப் பிழைக்குத் தீர்வு தேடினால் முதலில் கிடைப்பதும் பெரும்பாலும் இதே ஆலோசனைதான். எனவே இந்தக் கட்டுரையில் வரிசையை மாற்றிச் சொல்கிறோம்: முதலில் தேடுதல், பிறகு பட்டியலைத் திருத்துதல்.

பேக்கப்பிடம் இருப்பது முகவரி மட்டும்

நாம் ‘நிகாஹ் படங்கள்’ என்ற ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால், பேக்கப் நிரல் அந்தப் படங்களை அடையாளம் கண்டு வைத்துக்கொள்வதில்லை. எந்த டிரைவ், அதற்குள் எந்த ஃபோல்டர், அதற்குள் எந்த ஃபோல்டர் என்ற முகவரியைத்தான் குறித்துக்கொள்கிறது. வீடு மாறியவருக்குப் பழைய முகவரியில் கடிதம் போட்டால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது. டெஸ்க்டாப்பில் நாம் வைக்கும் ஷார்ட்கட்டாவது, அது காட்டும் ஃபைல் இடம் மாறினால் சில நேரங்களில் தேடிக் கண்டுபிடித்துவிடும். பேக்கப் பட்டியலுக்கு அந்தத் திறமை இல்லை.

விண்டோஸில் ‘லைப்ரரி’ என்று ஒன்று உண்டு. 2009இல் விண்டோஸ் 7 உடன் வந்தது. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் என்று அதில் தெரிவன ஃபோல்டர்கள் போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு லைப்ரரியும் பல ஃபோல்டர்களின் முகவரிகளைச் சேர்த்து வைத்த ஒரு பட்டியல்தான். விண்டோஸின் பேக்கப் வசதிகள் பெரிதும் இந்த லைப்ரரிகளையே நம்பி ஓடுகின்றன. பட்டியலில் உள்ள ஒரு முகவரி செத்துப்போனாலும் பிழை வரும். புதிய விண்டோஸ் பதிப்புகளில் லைப்ரரி மறைத்தே வைக்கப்பட்டிருப்பதால், பிழை எங்கிருந்து வருகிறது என்றே பலருக்குப் புரிவதில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கப் பட்டையில் காலியான இடத்தில் வலது கிளிக் செய்து ‘ஷோ லைப்ரரீஸ்’ என்பதைத் தேர்ந்தால் அவை வெளியே வரும். ஒவ்வொரு லைப்ரரியின் ப்ராப்பர்ட்டீஸையும் திறந்து, உள்ளே இருக்கும் முகவரிகளை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பிழை எண்ணின் கடைசி இலக்கம்

பிழைச் செய்தியோடு நீளமான எண் ஒன்று வரும். பார்த்ததும் பயப்பட வேண்டாம். 8007 என்று தொடங்கும் எண்களில் நமக்கு வேண்டியது கடைசி இலக்கங்கள் மட்டுமே.

80070002 என்றால், முகவரியில் கடைசியாகச் சொல்லப்பட்ட ஃபைலோ ஃபோல்டரோ இல்லை. தெரு இருக்கிறது, வீட்டைக் காணவில்லை. 80070003 என்றால், போகும் வழியிலேயே ஒரு ஃபோல்டர் இல்லை, அல்லது அந்த டிரைவே இல்லை. தெருவையே காணவில்லை. 80070005 என்றால், வீடு இருக்கிறது, நுழைய அனுமதி இல்லை. 80070015 என்றால், அந்த டிரைவ் தயார் நிலையில் இல்லை. பெரும்பாலும் காலியாக இருக்கும் கார்டு ரீடராகவோ, சரியாகச் செருகாத டிரைவாகவோ இருக்கும்.

இந்த வேறுபாடு தெரிந்தால் தேடும் நேரம் பாதியாகக் குறையும். 2 என்று முடிந்தால் குறிப்பிட்ட அந்த ஒரு ஃபோல்டரைத் தேடுங்கள். 3 என்று முடிந்தால் அதற்கு மேலே உள்ள பெரிய ஃபோல்டருக்கு யாரோ பெயர் மாற்றியிருக்கலாம், அல்லது டிரைவின் எழுத்து மாறியிருக்கலாம்.

எந்த ஃபோல்டர் என்பதை அறிய, பழைய பேக்கப் கருவியில் விடுபட்ட ஃபைல்களைக் காட்டும் இணைப்பை அழுத்தினால் முழு முகவரியும் தெரியும். ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர், விண்டோஸ் 7’ என்ற பெயரிலேயே இக்கருவி விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் கண்ட்ரோல் பேனலிலும் இருக்கிறது. ஃபைல் ஹிஸ்டரி பயன்படுத்துவோர் அதன் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்துக்குச் சென்றால், அண்மைய நிகழ்வுகளையும் பிழைகளையும் காட்டும் ‘ஈவண்ட் லாக்’ இணைப்பு கீழே இருக்கும். அந்த முகவரியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தியை மூடிய பிறகு எவருக்கும் அது நினைவில் நிற்பதில்லை.

எங்கே போயிருக்கும்?

நாம் பார்த்தவரை, வீடுகளில் மிக அதிகமாக நடப்பது மவுஸ் வழுக்குவதுதான். ஒரு ஃபோல்டரைத் திறக்கப் போய், பொத்தானைக் கொஞ்சம் இழுத்தபடி விட்டுவிட்டால், அது பக்கத்தில் உள்ள ஃபோல்டருக்குள் போய் விழுந்துவிடும். எந்தச் சத்தமும் வராது. உடனே கவனித்தால் கண்ட்ரோல் விசையோடு இசட்டை அழுத்தித் திரும்பக் கொண்டுவரலாம். நாள் கடந்துவிட்டால், அதற்கு மேலே உள்ள ஃபோல்டருக்குப் போய், அங்கே இருக்கும் மற்ற ஃபோல்டர்களின் உள்ளே முதலில் பாருங்கள். பெரும்பாலும் அகரவரிசையில் முன்னோ பின்னோ உள்ள ஃபோல்டருக்குள்தான் கிடக்கும்.

அங்கே இல்லையென்றால், ஃபோல்டரின் பெயரைத் தேடாதீர்கள், பெயரே மாறியிருக்கலாம். உள்ளே இருந்த ஏதாவது ஒரு ஃபைலின் பெயரை நினைவுபடுத்தித் தேடுங்கள். விண்டோஸின் சொந்தத் தேடல் மெதுவானது, சில இடங்களை விட்டும்விடும். ‘எவ்ரிதிங்’ என்ற இலவச நிரல் டிரைவில் உள்ள அத்தனை பெயர்களையும் சில நொடிகளில் வரிசையாக்கிவிடும். ரீசைக்கிள் பின்னையும் பார்க்க மறக்காதீர்கள்.

இரண்டாவது, டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற விண்டோஸின் சொந்த ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றியிருப்பது. அவற்றின் மீது வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸுக்குள் ‘லொக்கேஷன்’ என்ற பகுதியைத் திறந்தால், அந்த ஃபோல்டர் இப்போது எந்த முகவரியைக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். பழைய இடத்துக்கே திருப்பும் ‘ரீஸ்டோர் டீஃபால்ட்’ பொத்தானும், இடம் மாற்றும் ‘மூவ்’ பொத்தானும் அங்கேயே உண்டு. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மாற்றும்போது டி டிரைவுக்குள் தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி அதைக் காட்டுங்கள். வெறும் டி டிரைவையே காட்டினால், அந்த டிரைவ் முழுவதும் ‘டாக்குமெண்ட்ஸ்’ ஆகிவிடும். டாக்குமெண்ட்ஸையும் பிக்சர்ஸையும் ஒரே ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

மூன்றாவதுதான் இப்போது மிகுதியாகக் குழப்புவது: ஒன்டிரைவ். புதிய கணினியை முதன்முதலில் இயக்கும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்திப் போனால், டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபெயர்ந்துவிடக்கூடும். திரையில் எல்லாம் முன்பு போலவே தெரியும். முகவரி மட்டும் மாறியிருக்கும். பழைய முகவரியைக் குறித்து வைத்திருந்த பேக்கப் நிரல் அங்கே போய்ப் பார்த்துக் கைவிரித்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி இடம் நிரம்பியதும், இது வேண்டாம் என்று சிலர் ஒன்டிரைவின் ஃபோல்டர் பேக்கப்பை நிறுத்துவார்கள். அப்போது பல கணினிகளில் ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டரிலேயே தங்கிவிட, டாக்குமெண்ட்ஸ் காலியாகத் தெரியும். எல்லாம் அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் உள்ள ஒன்டிரைவ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், அங்கே இருக்கும். அங்கிருந்து டாக்குமெண்ட்ஸுக்குத் திரும்பக் கொண்டுவரலாம்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒன்டிரைவில் ஃபைலின் பக்கத்தில் நீல மேகக் குறி இருந்தால், அந்த ஃபைல் உங்கள் கணினியில் இல்லை, இணையத்தில் மட்டும் இருக்கிறது. 2017இல் வந்த வசதி இது. ஃபைல் ஹிஸ்டரி கணினியில் உள்ளதைத்தான் நகலெடுக்கும், மேகத்தில் உள்ளதை இறக்கி எடுக்காது. முக்கியமான ஃபோல்டரின் மீது வலது கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தால் குறி பச்சையாக மாறும். பிறகுதான் அதை பேக்கப்பில் சேர்ப்பதற்குப் பொருள் இருக்கிறது.

வெளி ஹார்ட் டிஸ்கிலேயே படங்களை வைத்து, அதை இன்னொரு டிஸ்குக்கு பேக்கப் எடுப்போர் டிரைவ் எழுத்தைக் கவனிக்க வேண்டும். நேற்று இ என்று வந்தது, இன்று பென் டிரைவ் ஒன்று முன்னதாகச் செருகப்பட்டிருந்தால் எஃப் என்று வரும். டிஸ்க் மேனேஜ்மெண்ட் பகுதியில் அந்த டிரைவுக்கு ஆங்கில அகரவரிசையின் கடைசிப் பகுதியிலிருந்து ஓர் எழுத்தை, ஆர் அல்லது எக்ஸ் என்று, நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் வேறு எதுவும் அதில் வந்து உட்காராது.

பழைய யூசர் கணக்குகள் வேறு. வெளிநாடு போன மகனின் கணக்கைக் கணினியிலிருந்து நீக்கியிருப்போம், பேக்கப் பட்டியலில் அவர் பெயரில் உள்ள லைப்ரரிக்கு மட்டும் டிக் அப்படியே இருக்கும். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத முகவரியைச் சொல்லிப் பிழை வந்தால் இதைச் சந்தேகியுங்கள். டிக்கை எடுப்பதே சரியான தீர்வாகும் இடம் இது. அவருடைய ஃபைல்கள் வேறெங்காவது பத்திரமாக இருக்கின்றனவா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் உள்ள இரண்டு சங்கதிகள். பல விண்டோஸ் நிரல்கள் ஒரு முகவரி 260 குறியீடுகளுக்கு மேல் போனால் திணறும், ‘காணவில்லை’ என்றே சொல்லிவிடும். தமிழில் ‘க’ ஒரு குறியீடு, ‘கி’யும் ‘க்’கும் தலா இரண்டு. கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும் தமிழ்ப் பெயர் கணினியின் கணக்கில் நீளமானது. அப்படிப்பட்ட ஃபோல்டரை இன்னும் ஆழமான ஓர் ஃபோல்டருக்குள் நகர்த்தினால் எல்லையைத் தாண்டிவிடலாம். மற்றது, ‘கொ’ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியைச் சில பழைய விசைப்பலகைகள் ஒரே குறியீடாகவும், சில இரண்டு துண்டுகளாகவும் பதியும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் ‘கொடுக்கல் வாங்கல்’ ஃபோல்டர்கள் இரண்டு உங்கள் கணினியில் இருந்தால் வியப்படையாதீர்கள், விண்டோஸுக்கு அவை வெவ்வேறு முகவரிகள். பேக்கப்பில் இடம்பெறும் தலைமை ஃபோல்டர்களுக்காவது சுருக்கமான ஆங்கிலப் பெயர் வைப்பதே நல்லது. தமிழ் மீது பற்றுள்ள நமக்கு இதைச் சொல்ல மனமில்லைதான்.

கண்டுபிடித்த பிறகு

ஃபோல்டர் கிடைத்ததும் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய் வைக்கலாம். தவறுதலாக நகர்ந்திருந்தால் இதுவே எளிது, பேக்கப்பில் எதையும் தொட வேண்டியதில்லை. இடவசதிக்காகத் திட்டமிட்டு மாற்றியிருந்தால், பட்டியலில் புதிய முகவரியைச் சேர்க்க வேண்டும்.

பழைய பேக்கப் கருவியில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ சென்று, டிரைவைத் தேர்ந்து, ‘லெட் மீ சூஸ்’ என்பதை அழுத்தினால் பட்டியல் திறக்கும். முதலில் புதிய இடத்தில் டிக் போடுங்கள். அதன் பிறகே பழைய வரியின் டிக்கை எடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. ஃபைல் ஹிஸ்டரியில், விண்டோஸ் 10 ஆக இருந்தால் செட்டிங்ஸில் பேக்கப் பகுதியின் ‘மோர் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ஃபோல்டரைச் சேர்க்கும் பொத்தான் உண்டு. விண்டோஸ் 11இல் அந்தப் பொத்தான் இல்லை. புதிய ஃபோல்டரின் மீது வலது கிளிக் செய்து, ஏதாவதொரு லைப்ரரியில் சேர்த்துவிட்டால் ஃபைல் ஹிஸ்டரி அதை எடுத்துக்கொள்ளும்.

ஃபோல்டரே கிடைக்கவில்லை, உண்மையிலேயே அழிந்துவிட்டது என்றால், அப்போதுதான் பழைய பேக்கப்பின் அருமை தெரியும். அதுவரை டிஸ்கில் உள்ள பழைய பிரதிகளை இடம் போதவில்லை என்று அழித்துவிடாதீர்கள். ஃபைல் ஹிஸ்டரி பிரதிகளைத் திறக்கத் தனி நிரல்கூட வேண்டாம். வெளி டிஸ்கில் உள்ள ‘ஃபைல்ஹிஸ்டரி’ ஃபோல்டருக்குள் யூசர் பெயர், கணினிப் பெயர், டேட்டா என்று இறங்கிக்கொண்டே போனால், பழைய முகவரியின் அமைப்பு அப்படியே இருக்கும். ஒவ்வொரு ஃபைலின் பெயரோடும் எடுத்த தேதியும் நேரமும் அடைப்புக்குறிக்குள் ஒட்டியிருக்கும். அந்த நேரம் உலகப் பொது நேரம் என்பதால், இந்தியா, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஃபோல்டர் இடம் மாறிய நாளுக்கு முந்தைய பிரதிகள் பழைய முகவரியிலும், பிந்தையவை புதிய முகவரியிலுமாகப் பிரிந்திருக்கும். ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று முடிவு செய்யாதீர்கள்.

காணாமல் போனதைவிடக் காலியானது ஆபத்து

சிலர் பேக்கப் நிரலுக்குப் பதிலாக, ஒரு ஃபோல்டரை அப்படியே மறுபிரதியாக வைத்திருக்கும் ‘சிங்க்’ நிரல்களையோ, விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி கட்டளையையோ பயன்படுத்துகிறார்கள். ரோபோகாப்பியில் ‘மிரர்’ என்று ஒரு வகை உண்டு. மூலத்தில் இல்லாதது எதுவும் பிரதியிலும் இருக்கக் கூடாது என்பது அதன் விதி. மூல ஃபோல்டர் அறவே இல்லையென்றால் அது பிழை சொல்லி நின்றுவிடும், பிரதி தப்பிக்கும். ஃபோல்டர் இருந்து, உள்ளே இருந்தவை மட்டும் வேறிடம் போயிருந்தால் பிழையே வராது. மூலம் காலி, எனவே பிரதியும் காலியாக இருக்க வேண்டும் என்று பேக்கப் டிஸ்கில் உள்ள அனைத்தையும் சுத்தமாக அழித்துவிட்டு, வேலை வெற்றிகரமாக முடிந்தது என்றும் சொல்லும். மேலே சொன்ன ஒன்டிரைவ் குழப்பத்தில் டாக்குமெண்ட்ஸ் காலியாகத் தெரியும் நாளில் இது ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபோல்டர் எதுவும் வழக்கத்துக்கு மாறாகக் காலியாகத் தெரிந்தால், வேறெதையும் செய்யும் முன் பேக்கப் டிஸ்கின் வயரைக் கழற்றிவிடுங்கள்.

எதிர்மாறாக, கண்டுகொள்ளவே தேவையில்லாத பிழைகளும் உண்டு. ஃபோல்டர் முழுவதையும் கையால் நகலெடுக்கும்போது, ‘மை மியூசிக்’, ‘மை பிக்சர்ஸ்’, ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை என்று 5இல் முடியும் பிழை வந்தால், அவை பழைய நிரல்களுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் வழிகாட்டிப் பலகைகள். உள்ளே ஃபைல் எதுவும் இல்லை. அனுமதிகளை மாற்றப் போய் வீண் சிக்கலை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

கைப்பேசியிலும் இதே கதை ஒரு முறை பெரிய அளவில் நடந்தது. ஆண்ட்ராய்டு 11 வந்தபோது, வாட்ஸ்அப்பின் படங்களும் ஒலிப்பதிவுகளும் இருந்த ஃபோல்டர், முன்னால் தெரிந்த இடத்திலிருந்து ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் உள்ள ‘மீடியா’வுக்குள் மாறியது. வயர் போட்டுக் கணினிக்கு நகலெடுக்கும் வழக்கமுள்ளவர்கள் பழைய ஃபோல்டரையே எடுத்துக்கொண்டிருந்தால், அதற்குப் பின் வந்த எதுவும் அதில் இருக்காது. உம்மா அனுப்பிய குரல் செய்திகளைச் சேமித்து வைத்திருப்பவர்கள் இன்றே திறந்து, கடைசித் தேதி என்ன என்று பாருங்கள்.

நாங்கள் இப்போது செய்வது

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், பல வீடுகளிலும் ஜமாஅத் அலுவலகங்களிலும் கணினி மாறிக்கொண்டிருக்கிறது. ஃபைல்களைப் புதிய கணினிக்கு மாற்றுகிறோம், பேக்கப் பட்டியலையோ புதிதாகத்தான் அமைக்க வேண்டும். நிகாஹ் தஃப்தரையும் வக்ஃப் சொத்து ஆவணங்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் நிர்வாகிகள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அவை ஊராரின் அமானிதம்.

எங்கள் அலுவலகத்தில் பேக்கப் டிஸ்கின் பெட்டிக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். எந்தெந்த ஃபோல்டர் எந்த முகவரியில் இருக்கிறது, அதில் ஏறத்தாழ எத்தனை ஃபைல் என்று கையால் எழுதியது. ஃபோல்டரை நகர்த்துபவர் யாராக இருந்தாலும் அந்தத் தாளிலும் திருத்தி, தேதி போட வேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை, பேக்கப் டிஸ்கை வேறொரு மடிக்கணினியில் செருகி, தாளில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் மிக அண்மையில் சேர்த்த ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கிறோம். பச்சைக் குறியைப் பார்ப்பதில்லை, ஃபைலைத்தான் பார்க்கிறோம். பத்து நிமிடம் ஆகிறது. பழுது பார்க்க யார் வந்தாலும், வேலை தொடங்கும் முன் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.